பெட்டிக்குள் எழுதுவது யார்?

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி எப்படி இருக்கு? மாமாவோட குறட்டை குறைஞ்சிருக்கா, இல்ல நீ இன்னும் ஹால்லதான் படுக்கறியா?

கவரைப் பாத்ததும் பயந்திருப்ப. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேணும்னுதான் பேப்பர்ல எழுதறேன். என் ரூம் ஸ்டூடியோவுக்கு நேர் மேல. இன்டர்நெட் அவங்களோடது, மெயில யார் பாக்கறாங்களோ தெரியாது. போன்ல பேசலாம்னா பக்கத்து ரூமுக்கும் எனக்கும் நடுவுல இருக்கறது வெறும் பலகை. அந்தப் பக்கம் எடிட்டர் இருக்கார். அவர் போர்வைய இழுக்கற சத்தம் எனக்குக் கேக்குது. நான் பேசறது அவருக்குக் கேக்காதா?

விஷயத்துக்கு வரேன். போன வாரம் இங்க புது டிஸ்க் பெட்டி வந்துச்சு. சின்ன ஃப்ரிட்ஜ் சைஸ், உள்ள வரிசையா டிஸ்க். இப்ப வேலை நடக்கற படம் மொத்தமும் அதுலதான் இருக்கு. இன்னும் ரிலீஸ் ஆகாத படம். ஒரு சீன் வெளிய போனாலும் ஸ்டூடியோவ இழுத்து மூட வச்சிடுவேன்னு தயாரிப்பாளர் முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனார். அதுலேர்ந்து முதலாளி யாரையும் நேராப் பாக்கறதில்ல. எல்லாரையும் ஒரு மாதிரி சைடுலயே பாக்கறார்.

பழைய பெட்டிய விட இது பல மடங்கு வேகம்னு சொல்லித்தான் கடைக்காரன் தலையில கட்டினான். எங்க வேகம்? காப்பி பண்ணா நகரவே மாட்டேங்குது. படத்த ஓட விட்டா ஹீரோ வாயத் தெறக்கறான், அப்படியே நிக்கறான், நாம கொட்டாவி விட்டு முடிச்சதும் வசனம் வருது.

அதக்கூட விடு. யாரும் வேலை செய்யாதப்பவும் பெட்டியில பச்சை லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கு. மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, மெஷின் எல்லாம் சும்மா கெடக்கு. பெட்டி மட்டும் டக் டக் டக் டக். காத வச்சுக் கேட்டேன். உள்ள யாரோ வேலை பாக்கறாங்க, அக்கா.

யாரோ படத்த உருவறாங்க. வெளி ஆளா, உள்ள இருக்கற ஆளான்னு தெரியல. எனக்கு எடிட்டர் மேலதான் ஒரு கண்ணு. நாள் முழுக்க வாயே தெறக்க மாட்டார். மௌனகுருன்னு பேர் வச்சிருக்கேன். இவ்வளவு அமைதியா இருக்கறவன் மனசுக்குள்ள எதையாவது போட்டு வச்சிருக்கத்தானே செய்வான்?

முதலாளிகிட்ட சொல்லவா வேண்டாமா? மாமாகிட்ட கேட்டு எழுது. ஆனா மாமா அவருக்கு போன் போடக்கூடாது. சிநேகிதன்னா உடனே எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவார்.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

இங்கு நானும் மாமாவும் நலம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருமல் இருந்தால் மருந்து வாங்கிக் குடி, தானாகப் போய்விடும் என்று விட்டுவிடாதே.

கடிதம் கிடைத்தது. மாமாவிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் இரண்டு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார் என்பது உனக்கும் தெரியும். அந்த வேலைக்காக அவர் தன் நண்பரிடம் எத்தனை முறை பேசினார் என்பதும் தெரியும்.

நீ எழுதியதைப் படித்தபோது எனக்குச் சில கேள்விகள் வந்தன. எல்லோரும் சாப்பிடப் போனபோது நீ மட்டும் ஏன் அந்த அறையில் இருந்தாய்? பெட்டியைத் திறந்தாயா? அதில் கை வைக்கும் வேலை உன்னுடையதா? உன் வேலை காட்சிகளைப் பிரித்து அடுக்குவது மட்டும்தான் என்று மாமா சொன்ன ஞாபகம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கேட்கிறேன், அவ்வளவுதான். ஒரு மனிதர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக அவர் மேல் பழி போடாதே. எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் நானும்தான் யாரிடமும் பேசுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். இருமல் இல்ல. நீ நலமா?

ஏன் அங்க இருந்தேன்னு கேட்டிருக்க. பசிக்கல, இருந்தேன். இதுக்கு என்ன சாட்சியா வேணும்? நீ லேப்ல ரத்தம் எடுக்கற மாதிரியே எனக்கு லெட்டர் எழுதற.

சரி, நான் கண்டுபிடிச்சத கேளு. வெளி ஆள் இல்ல. எப்படித் தெரியும்னா, நெட்வொர்க் கேபிள பிடுங்கிப் பாத்தேன். வெளி ஆளா இருந்தா லைட் நிக்கணும். நிக்கல. வெளிய போற வழியே இல்லாம பெட்டி பாட்டுக்கு சிமிட்டுது.

அப்புறம் மெஷின்ல கறுப்புத் திரையத் தெறந்து ஒரு கமாண்ட் அடிச்சேன். டிஸ்க்ல எவ்வளவு படிக்கறாங்க, எவ்வளவு எழுதறாங்கன்னு யார் வேணா பாக்கலாம், அனுமதி வேண்டாம். அதுல என்ன வந்துச்சு தெரியுமா? படிக்கறது பூஜ்யம். எழுதறது மட்டும் விடாம நடக்குது.

யோசிச்சுப் பாரு. படத்த திருடறவன் டிஸ்க்கப் படிக்கணும். இவன் படிக்கல, எழுதறான். நம்ம பெட்டியில எதையோ கொண்டு வந்து ஒளிச்சு வைக்கறான்னு நெனச்சேன். அப்படின்னா காலி இடம் குறையணுமில்ல? காலையிலயும் பாத்தேன், சாயங்காலம் பெட்டிய அணைக்கறதுக்கு முன்னாடியும் பாத்தேன். ஒரு துளி குறையல. எழுதறான், எழுதினது எங்கயும் இல்ல.

எழுதறவன் பேரப் பாக்கணும்னா மாஸ்டர் பாஸ்வேர்ட் வேணும். அது முதலாளிகிட்ட மட்டும்தான். போய்க் கேட்டேன்.

"உனக்கு எதுக்குப்பா அது?"

"பெட்டி ஏன் மெதுவா போகுதுன்னு பாக்கத்தான் சார்."

"அத பாக்கறதுக்கு கடைக்காரன் இருக்கான். பெட்டிய ஃபார்மட் பண்ணி சுத்தமா குடுத்திருக்கான், அரை நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தான், கெட்டிக்காரன். அது இருக்கட்டும், நேத்து நெட்வொர்க் கேபிள புடுங்கினது யாரு?"

வேலை இருக்குன்னு நழுவிட்டேன். மௌனகுரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தார்.

இப்ப அந்த ரூம்ல கேமரா மாட்டியிருக்காங்க. நல்லதுதான். கேமரா பாத்துக்கட்டும், யாரு வராங்கன்னு.

தம்பி


பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சுருக்கமாக எழுதுகிறேன், இன்று வேலை அதிகம். உன் பையில் ஒரு டிஸ்க் வைத்திருக்கிறாயாமே. அது என்ன? அதில் என்ன இருக்கிறது? மறைக்காமல் எழுது.

கறுப்புத் திரையை இனிமேல் திறக்காதே.

அக்கா


மார்ச் 4

அக்கா,

நீ எப்படி இருக்க? நான் எப்படி இருக்கேன்னு கடைசியில சொல்றேன்.

என் பையில டிஸ்க் இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்? நான் உனக்கு எழுதவே இல்லையே. அப்ப முதலாளி அங்க போன் பண்ணியிருக்கார். மாமாவுக்குத்தானே? போன் பேச்சு வேண்டாம்னு நான் சொன்னது மாமாவுக்கு மட்டும்னு நெனச்சியா? உனக்கும் சேத்துத்தான் சொன்னேன்.

அது பாட்டு டிஸ்க். பாட்டும் நாலு கேமும் இருக்கு. எல்லாருக்கும் தெரியும்.

தெரிஞ்சு என்ன பிரயோஜனம். உன் லெட்டர் வந்த அன்னிக்கே முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். கேமராவுல நான் மட்டும்தான் இருக்கேனாம். வேற யாரும் பெட்டிப் பக்கம் வரவே இல்லையாம். எப்படி வருவாங்க, பெட்டிக்கிட்ட போய் நிக்கற அளவுக்கு சந்தேகம் வந்த ஒரே ஆள் நான்தானே!

"பாஸ்வேர்ட் கேட்ட. கேபிள புடுங்கின. கறுப்புத் திரையில என்னென்னவோ அடிச்ச. பையில டிஸ்க். நான் என்னப்பா நெனைக்கறது? நீயே சொல்லு."

"டிஸ்க்க வாங்கிப் பாருங்க சார்."

"பாத்தாச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. நேத்து இருந்துச்சோ என்னவோ."

இதுக்கு என்ன பதில் சொல்லுவ? நேத்து இல்லாதத இன்னிக்கு எப்படிக் காட்டறது? கொஞ்ச நாள் வராதேன்னு சொல்லிட்டார். மேல இருந்த ரூமும் போச்சு. கூடப் படிச்ச ஒருத்தன் பிரின்டிங் கடை வச்சிருக்கான், அவன் கடைக்குப் பின்னாடி பேப்பர் கட்டு மேல படுத்திருக்கேன்.

இதுக்கு மேல இருக்கு கேளு. நான் விட்டுட்டு வந்த துணிய மௌனகுரு கொண்டு வந்து குடுத்தார். குடுத்துட்டு நின்னார். அப்புறம் சொன்னார்: "நீ போன ரெண்டாம் நாளு லைட் நின்னுடுச்சு. படமும் நல்லா ஓடுது."

அவ்வளவுதான் சொன்னார். போயிட்டார்.

புரியுதா? நான் வெளிய வந்தேன், லைட் நின்னுச்சு. இப்ப ஊர்ல யாரக் கேட்டாலும் நான்தான்னு சொல்லுவாங்க. எனக்கே ஒரு நிமிஷம், நான்தானோன்னு தோணிச்சு.

நான் எடுக்கல அக்கா. இத ஒரு தடவதான் எழுதுவேன்.

நல்லா இல்ல நான்.

தம்பி


மார்ச் 20

அக்காவுக்கு,

நலமா? பதில் வரல. போன் பண்ணேன், எடுக்கல. மறுபடி பண்ணேன், மாமா எடுத்து "அவ குளிக்கறா"ன்னார். சாயங்காலம் பண்ணேன், அப்பவும் குளிக்கறியாம். அங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல போலிருக்கு.

என்ன நெனைக்கறன்னு எழுதிடு. திட்டணும்னா திட்டு.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீ சாப்பிடுகிறாயா? பேப்பர் கட்டின் மேல் படுத்தால் தூசியில் மூச்சு வாங்கும், ஒரு பாய் வாங்கிக்கொள்.

போனை எடுக்க முடியாமல் போயிற்று. எழுதவும் தாமதமாகிவிட்டது.

நடந்தது நடந்துவிட்டது. நீ அதையே பிடித்துக்கொண்டு தொங்காதே. முதலாளி இதற்கு மேல் எதுவும் செய்யமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நீ புறப்பட்டு இங்கு வந்துவிடு. மாமாவுக்குத் தெரிந்த இடத்தில் ஏதாவது வேலை பார்க்கலாம். புது இடம், புது மனிதர்கள். உன்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

மாமா எப்படி இருக்கார்? மாத்திரைய ஒழுங்கா போடச் சொல்லு.

"உன்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது"ன்னு எழுதியிருக்க. என்னைப் பத்தி என்ன இருக்கு தெரியறதுக்கு? முதலாளி எதுவும் செய்யமாட்டார்னு உனக்கு யார் சொன்னா? கேட்டா இதுக்கும் குளிக்கப் போயிடுவ.

சரி, சண்டை அப்புறம். கண்டுபிடிச்சிட்டேன்!

பிரின்டிங் கடைக்காரன் ஒரு பெரிய டிஸ்க் வாங்கினான். நான்தான் ஃபார்மட் பண்ணிக் குடுத்தேன். எதையும் மாத்தாம, மெஷின் கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர், என்டர், என்டர். ஒரு நொடியில முடிஞ்சுது. காலி டிஸ்க், ஒரு ஃபைல்கூட இல்ல. மாட்டினேன். மாட்டின உடனே டக் டக் டக் டக்.

இங்க யாரு திருடறதுக்கு? என்ன இருக்கு திருடறதுக்கு? இது என் நண்பன் மெஷின், மாஸ்டர் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். யாரு எழுதறான்னு பேரப் பாத்தேன். ஆள் பேரே இல்ல. மெஷினே எழுதுது.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். டிஸ்க்ல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்க பெரிய பெரிய அட்டவணை இருக்கும். ஃபார்மட் பண்ணும்போது அந்த அட்டவணை முழுசையும் பூஜ்யம் எழுதிச் சுத்தம் பண்ணணும். பெரிய டிஸ்க்னா மணிக்கணக்கா ஆகும். அவ்வளவு நேரம் யாரு உக்காந்திருப்பான்னு, கேக்காம விட்டா அது அந்த வேலைய ஒத்திப் போட்டுடும். ஃபார்மட் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு, நாம டிஸ்க்க மாட்டினதுக்கு அப்புறம் பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா எழுதிக்கிட்டே இருக்கும். வாசலுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சு சாவியக் குடுத்துட்டு, நாம குடி போனப்புறம் உள்ள ஒவ்வொரு ரூமா ஏணி போட்டு அடிச்சா எப்படி? அப்படித்தான். நாம சமைக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது.

அதான் படம் நின்னு நின்னு ஓடுச்சு. அதான் எழுதினது மட்டும், படிச்சது இல்ல. அட்டவணைக்கு இடம் முதல்லயே ஒதுக்கினது, அதான் காலி இடம் குறையல. கேபிள புடுங்கினாலும் நிக்கல. சாயங்காலம் பெட்டிய அணைச்சா வேலை அப்படியே நிக்கும், மறுநாள் விட்ட இடத்துல ஆரம்பிக்கும், அதான் அத்தன நாள் இழுத்துச்சு. கடைசியில வேலை முடிஞ்சுது, லைட் நின்னுச்சு. அது நான் வெளிய வந்த நேரமாப் போச்சு. எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு.

நீ மாமாகிட்ட சொல்லு. அவர் முதலாளிகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசட்டும். ஒரு காலி டிஸ்க், ஸ்டூடியோவுக்குப் பெட்டி வித்த அதே கடைக்காரன், அதே மாதிரி என்டர் என்டர். எல்லாரும் பாக்கட்டும்.

இன்னொண்ணு. நீ எழுதின லெட்டர் எல்லாத்தையும் திருப்பிப் படிச்சேன். இருமல் கேட்டிருக்க, பாய் வாங்கச் சொல்லியிருக்க. நம்பறேன்னு ஒரு எடத்துல கூட இல்ல. அந்த ஒரு வார்த்தைய எழுதி அனுப்பு. அதுக்கு மணிக்கணக்கா ஆகாது.

தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

நலம். மாமாவுக்கு இப்போது பரவாயில்லை. இங்கு வெயில் ஆரம்பித்துவிட்டது.

நீ விளக்கியதை இரண்டு முறை படித்தேன். அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. ஆனால் எதற்கு மறுபடியும் அங்கே போய் நிற்க வேண்டும்? கிளறினால் உனக்குத்தான் சங்கடம். மாமா அவரிடம் பேசுவது இப்போது நன்றாக இருக்காது. காரணம் கேட்காதே.

பயணத்துக்கு எப்போது வசதிப்படும் என்று எழுது. உனக்கு முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மே 3

அக்கா,

நலம் விசாரிக்கற மூட்ல நான் இல்ல.

நேத்து நானே ஸ்டூடியோவுக்குப் போனேன். கேட்ல விடல. முதலாளி வண்டி வந்ததும் குறுக்கப் போய் நின்னேன். "ஏறித் தொலை, எல்லாரும் பாக்கறாங்க"ன்னு உள்ள கூட்டிட்டுப் போனார். டிஸ்க், அட்டவணை, பூஜ்யம் எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். முழுசாக் கேட்டார். கேட்டுட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"ஏம்ப்பா இத இன்னும் இழுக்கற? உங்க அக்கா அன்னிக்கே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுட்டாங்க. சின்னப் பையன், ஏதோ தெரியாம பண்ணிட்டான், போலீசுக்கு மட்டும் போயிடாதீங்கன்னு அழுதாங்க. அந்தப் பொண்ணு முகத்துக்காக நானும் விட்டுட்டேன். விட்டத எடுத்து மறுபடி மடியில கட்டிக்கறியே?"

நான் செய்யலன்னு நான் சொல்லிட்டிருக்கேன், நான் செஞ்சேன்னு நீ சொல்லி முடிச்சிருக்க. என் பேர்ல, என்னைக் கேக்காம.

கெளம்பிடலாம்னு எழுந்தேன். அப்பதான் கதவுக்கிட்ட ஒரு குரல். "சார், எங்கிட்ட ஒரு காலி டிஸ்க் இருக்கு. பையன் சொல்றதப் பாத்துடலாமே. என்ன கொறஞ்சிடப் போகுது?"

மௌனகுரு! முதலாளி திரும்பிப் பாத்து, "யோவ், நீ பேசுவியா?"ன்னு கேட்டார். அவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

கடைக்காரன வரவழைச்சாங்க. அவன் வழக்கம் போல என்டர் என்டர்னு தட்டிட்டு, "பாருங்க சார், கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிச்சிட்டேன்"னு சிரிச்சான். முதலாளியே கேபிள புடுங்கினார். எல்லாரையும் வெளிய தள்ளி, ரூமப் பூட்டி, சாவிய சட்டைப் பையில போட்டுக்கிட்டார். கண்ணாடிக் கதவுல மூக்க ஒட்டி வச்சுக்கிட்டு மொத்த ஸ்டூடியோவும் நிக்குது. நான் கடைசியில நிக்கறேன். பாக்கவே பயமா இருந்துச்சு.

சிமிட்டுச்சு. நிக்காம சிமிட்டுச்சு.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"ன்னு முதலாளி கத்தினார். காலி ரூமப் பாத்து! யாரோ சிரிச்சிட்டாங்க.

கதவத் தெறந்து, அவரே பாஸ்வேர்ட் போட்டு, எழுதறது யாருன்னு பாத்தார். நான் சொன்ன மாதிரியே ஆள் பேர் இல்ல, மெஷின்தான். கடைக்காரன் முகம் செத்துப் போச்சு. "எல்லா இடத்துலயும் இப்படியேதான் சார் போட்டுக் குடுப்போம். அதுல இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கே தெரியாது"ன்னான். ஃபார்மட் பண்ணும்போதே முழுசா எழுதிடுன்னு ஒரு வார்த்தை சேத்தா போதும்னு நான் சொன்னேன். அவன் அத போன்ல குறிச்சுக்கிட்டான்.

முதலாளி புடுங்கின கேபிள அவரே திரும்பச் சொருகினார். அப்புறம், "டீ குடிக்கறியா?"ன்னார். வேண்டாம்னுட்டேன்.

நீ அழுதியா அக்கா? எப்படி அழுத? அவர்கிட்ட என்னை என்னன்னு சொல்லி அழுத?

தம்பி


மே 11

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் முதலாளியின் போன் வந்துவிட்டது. மாமா எனக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். முதலாளி நடந்ததைச் சொன்னார். கடைசியில், "தப்பு என்னுடையது. ஆனால் நீங்கள் அன்று அப்படி அழுததும், கூடப் பிறந்தவளே ஒப்புக்கொண்டாள் என்றுதான் நான் உறுதியாக நம்பினேன்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு நான் போன் செய்ததே தெரியாது. லேபின் படிக்கட்டில் நின்று, அங்கிருந்து பேசினேன்.

இந்தக் கடிதத்தை நான் முதலில் வேறு மாதிரி எழுதினேன். உன்னை நம்பினேன், போலீஸ் என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று. மாமாவிடம் படித்துக் காட்டினேன். "நன்றாக இருக்கிறது, உண்மையா?" என்று கேட்டார். கிழித்துவிட்டேன்.

நான் உன்னை நம்பவில்லை.

கல்லூரியை விட்ட பிறகும் எத்தனை மாதம் பையை மாட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டாய் நீ? மாலையில் வந்து அன்று நடந்த பாடத்தைக்கூடச் சொன்னாய். நான் அம்மாவிடம் உனக்காகச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு நீ எதைச் சொன்னாலும், "இவன் நன்றாகச் சொல்கிறான்" என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சாப்பிட்டேன் என்று நீ சொன்னால்கூடத் தட்டைப் பார்க்கத் தோன்றும். நீ டிஸ்க்கைப் பற்றி அவ்வளவு தெளிவாக விளக்கி எழுதியபோது, தெளிவாக இருந்ததாலேயே சந்தேகப்பட்டேன்.

அவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். "அவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. உன் பெயரில் ஒரு தடவை தாராளமாகக் கேட்டுவிட்டேன். இப்போது என் பெயரில் கேட்க வரும்போது வார்த்தை நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இது நெசம், தட்ட வந்து பாக்க வேண்டாம். நீயும் மாமாவும் நல்லா இருக்கீங்களா?

வேலைக்கு மறுபடி கூப்பிட்டாங்க. எல்லார் முன்னாடியும் சொன்னாத்தான் வருவேன்னு சொன்னேன். சொன்னார். எப்படிச் சொன்னார்ங்கறியா? "அந்த லைட் விஷயத்துல பையன் மேல தப்பு இல்ல. போய் அவங்கவங்க வேலையப் பாருங்க." அவ்வளவுதான் மொத்தமும். அந்த மனுஷனுக்கு அதுவே வாய்ல வலி எடுத்திருக்கும். மௌனகுரு பக்கத்துல வந்து உக்காந்து, "நீ எம்மேலதானே சந்தேகப்பட்ட?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "பலகைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேக்கும். நீ தனியா இருக்கும்போது சத்தமாத்தான் யோசிக்கற"ன்னார். நான் அப்படியே மேஜைக்கு அடியில பூந்துக்கலாம் போல இருந்துச்சு. அப்படிக் கேட்டும் எனக்காக டிஸ்க் எடுத்துக் குடுத்திருக்கார் பாரு.

உன் லெட்டர் விஷயத்துக்கு வரேன்.

ரெண்டு நாள் உன்னைக் கன்னாபின்னான்னு திட்டிக்கிட்டே திரிஞ்சேன். 'அவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்'னு ஒரு வெளி ஆள்கிட்ட சொல்லியிருக்க. அத எப்படி மறக்கறதுன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சிட்டேன்னு இப்ப எழுதினா அது பொய். எழுதல.

ஆனா ஒண்ணு சொல்லணும். உன் லெட்டர் எது வந்தாலும் நான் தோண்டிக்கிட்டேதான் படிப்பேன். இங்க எத மறைக்கறா, இந்த வரிக்கு அடியில என்ன இருக்கு, யார்கிட்ட பேசிட்டு இத எழுதறான்னு. இருமல் எப்படின்னு நீ கேட்டாக்கூட, அதுக்குப் பின்னாடி வேற எதையோ கேக்கறன்னு நெனைப்பேன். 'நான் உன்னை நம்பவில்லை'ன்னு எழுதியிருந்தியே, அங்க வந்து நின்னுட்டேன். அதுல தோண்ட ஒண்ணுமே இல்ல. இத்தன மாசத்துல நீ எழுதினதுல நான் சந்தேகப்படாமப் படிச்ச ஒரே வரி அதுதான்.

முன்னறைய எனக்காக ஒழிக்க வேண்டாம், நான் இங்கயே இருக்கேன். லீவு கெடச்சா வரேன்.

அடுத்த தடவ என் மேல உனக்கு சந்தேகம் வரும். வராம இருக்காது. வந்தா என்கிட்ட கேளு. மூஞ்சிக்கு நேரா, எவ்வளவு அசிங்கமா வேணும்னாலும் கேளு. மத்தவங்ககிட்ட அதுக்கப்புறம் போ.

உன் தம்பி